உருக்கன் தரப்பு வக்கீல்

சினிமா முடிந்து கொட்டகையில் விளக்குப் போட்டதும் மனித இனம் மூன்றாகப் பிரிகிறது. படம் ஓடிய நேரத்தில் உலகம் தன்னைத் தேடியிருக்குமோ என்று செல்போனைத் தடவுகிறவர்கள் ஒரு வகை. வண்டியை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இருவராலும் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. காலுக்குத்தான்.

மூன்றாவது வகையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். அவர் எழுந்திருக்க மாட்டார். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும், துடைப்பக்காரர் வந்து காலைத் தூக்கச் சொல்வார், இவர் காலைத் தூக்கியபடியே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். யாருக்காக? கட்டடங்களைச் சீட்டுக்கட்டாகச் சரித்து, ரயிலை முறுக்கிப் பிழிந்து, பாதி நகரத்தைச் சாம்பலாக்கி, கடைசியில் சூப்பர் ஹீரோ கையால் குத்துப்பட்டுப் பாதாளத்தில் விழுந்தானே வில்லன், அவனுக்காக. தோளைத் தொட்டு “போலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். ஈரக் கண்ணோடு நிமிர்ந்து சொல்வார்:

“பாவம்ங்க அவன்.”

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வில்லன் தரப்பு வக்கீல். கறுப்புக் கோட்டு இல்லை, கட்டணம் இல்லை, கட்சிக்காரனே இவரை அமர்த்தவில்லை. ஆனாலும் ஆஜராகிவிடுவார். தேநீர்க் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பல் பிடுங்கக் காத்திருக்கும் வரிசையில், எங்கே வில்லன் பேச்சு எடுத்தாலும் கையைத் தூக்கி, “ஒரு நிமிஷம், அவன் இடத்துல இருந்து பாருங்க” என்பார். அவன் இடம் எரிமலை உச்சி. அங்கே போய் நின்று பார்க்க நமக்கென்ன தலையெழுத்தா என்று நீங்கள் கேட்டால், “அதான், இந்தச் சமூகம் அவனை அங்க தள்ளிடுச்சு” என்று பதில் தயாராக இருக்கும். வாதம் முடிவதற்குள் வில்லன் குழந்தையாகிவிடுவான், ஹீரோ கிராதகனாகிவிடுவான், நீங்கள் கல்நெஞ்சக்காரராகிவிடுவீர்கள்.

ஒரு காலத்தில் வில்லன் வேலை சுலபமாக இருந்தது. ஒரு மேலங்கி, ஒரு சுழல் நாற்காலி, காரணமில்லாமல் ஒரு நீண்ட சிரிப்பு, அவ்வளவுதான் மூலதனம். ஏன் ஊரை அழிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பாம்பிடம் போய் ஏனப்பா கொத்துகிறாய் என்று யார் கேட்கிறார்கள்? இப்போது அந்த வேலைக்கே ஏகப்பட்ட தகுதி கேட்கிறார்கள். அம்மா இறந்திருக்க வேண்டும், முடிந்தால் மழையில். அப்பா இருந்தால் அடித்திருக்க வேண்டும், அடிக்காத அப்பாவாக இருந்தால் பேசாமலாவது இருந்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு யாருமே வந்திருக்கக் கூடாது. பழைய கதையைப் புதிதாக எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் வில்லனின் தொட்டிலைத்தான் தேடி ஓடுகிறார்கள். அதை ஆட்டுவதற்கு நம் ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த இனத்தை நான் தூரத்திலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தவன் இல்லை. என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததே இந்த இனத்தில்தான்.

அத்தான் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் கதை எழுதுகிறார். நான் அதே ஸ்டுடியோவில் ஒலிப்பிரிவில் இருக்கிறேன். இரும்புப் பாலம் உருகி ஆற்றில் வழியும் ஓசைக்குத் தேன் பாட்டிலைக் கவிழ்த்து அதன் வாயில் மைக்கை வைப்பது என் தொழில். வேலை வாங்கிக் கொடுத்து, வீட்டிலும் ஓர் இடம் கொடுத்தவர் அத்தான்தான். அந்த நன்றி மாறாமல்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் அவருடைய இரக்கத்துக்கு எல்லையே கிடையாது. கொசு கடித்தால்கூட, “பெண் கொசுதான் மாப்பிள்ளை கடிக்கும். முட்டைக்கு ரத்தம் வேணும். தாய்மை!” என்பார். சொல்லிக்கொண்டே பட்டென்று அடிக்கவும் அடிப்பார். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வருகிறவர் மூக்கில் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, சில்லுச் சில்லாகக் கண்ணாடி மாற்றி, “இப்ப தெளிவா, முன்ன தெளிவா?” என்று பகல் முழுவதும் கேட்கிற வேலை. அதனால் வீட்டுக்கு வந்தபிறகு எதையும் இரண்டு தடவை கேட்க அவளுக்குப் பொறுமை இருக்காது. இப்படி ஒருத்திக்கு இப்படி ஒருவர். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்டுடியோ ஒரு பழைய சித்திரக்கதையைத் தொடராக எடுக்க உரிமை வாங்கியது. செம்பருந்து என்றொரு சூப்பர் ஹீரோ. அவனுக்கு எதிரி உருக்கன். தொட்ட இரும்பையெல்லாம் உருக்கிவிடுவான், அதனால் அந்தப் பெயர். மூலக் கதையில் அவன் கோபுரத்தில் நின்று “ஹஹ்ஹஹ்ஹா” என்று சிரிப்பான், பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே பாலத்தை உருக்குவான், செம்பருந்து வந்து மூக்கில் குத்துவான், முற்றும். எதற்காக உருக்கினான்? சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் பற்பசை விளம்பரம். காரணத்துக்கு இடமில்லை.

அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. “இத்தனை வருஷமா ஒருத்தர்கூட அவன்கிட்ட ஏன்னு கேக்கலையே!” என்றார். கேட்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். உருக்கனுக்குப் பிறக்கும்போதே உள்ளங்கை கொதிக்குமாம். பெற்ற தாய் கையுறை மாட்டிக்கொண்டுதான் அவனைத் தூக்குவாளாம். பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் வாய்க்குப் போவதற்குள் தரைக்குப் போய்விடுமாம். காதலிக்கு மோதிரம் போடப் போனானாம், மோதிரம் சொட்டிவிட்டதாம். இத்தனைக்கும் பின்னால் நின்று சிரித்தவன் யார்? நம் செம்பருந்து.

தயாரிப்பாளர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

“பிரமாதம்! அன்னிக்கு இரும்பை உருக்கினான், இன்னிக்கு ஜனங்களை உருக்கறான்! இன்னும் கொஞ்சம் வேணும். ஒரு நாய் வெச்சுக்கலாமா?”

“நாய் சாகணுமா சார்?” என்று அத்தான் கேட்டார்.

“சாகலைன்னா நாய் எதுக்கு?”

நாய் செத்தது. அதற்கும் செம்பருந்துதான் காரணம் என்று ஆயிற்று. தொடரின் முக்கால் பாகம் தாண்டியும் உருக்கனுக்கு ஒரு அக்கிரமம் செய்ய நேரம் கிடைக்கவில்லை. அழுவதற்கே பொழுது சரியாக இருந்தது. கடைசியில் பாலத்தை உருக்கித்தான் ஆக வேண்டும், மூலக் கதை அப்படி. படம் வரைகிற பெண்மணி அத்தானிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“பாலத்துல பஸ் போகுதே, உள்ள உக்காந்திருக்கிறவங்களை எப்படி வரையறது?”

“நிழலா விட்டுடுங்க. முகம் வேண்டாம்.”

“ஏன்?”

“முகம் இருந்தா ஜனங்க அவங்களுக்காக வருத்தப்பட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் உருக்கனுக்கு யார் வருத்தப்படறது?”

அந்தப் பெண்மணி நிழலாகவே வரைந்தார். இரக்கம் என்பது பஸ் இருக்கை போல, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்று இந்த வக்கீல்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இது இப்படி இருக்க, ஒரு சாயங்காலம் அக்கா கடையிலிருந்து திரும்பிக் குடியிருப்பின் அடித்தள வண்டி நிறுத்தத்துக்குள் ஸ்கூட்டரில் நுழைந்திருக்கிறாள். மேல்மாடிக்காரர் தன் காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். ஒரு கையில் செல்போன். எடுத்தவர் நேரே அக்கா மேல் எடுத்தார். ஸ்கூட்டர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். இறங்கி வந்து தூக்கினாரா? ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். “பார்த்து வரக்கூடாதா?” என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கண்ணாடிச் சில்லை இரண்டு விரலால் பிடித்து மாற்றுகிற கை அது. கட்டுப் பிரிக்கும்வரை கடைக்குப் போக வேண்டாம், பிரித்த பிறகும் விரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அக்கா கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அத்தானுக்கு வந்ததே கோபம்! அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். “இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்” என்றார். படிகளில் தடதடவென்று ஏறினார். மேலே கதவு திறக்கிற சத்தம், அத்தானின் அதட்டல், பிறகு கதவு மூடுகிற சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. யாரை யார் கொன்றார்களோ?

நெடுநேரம் கழித்து அத்தான் இறங்கி வந்தார். சட்டைக் கை இறக்கிவிடப்பட்டிருந்தது. கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தட்டு, அதில் பிஸ்கட்.

“பாவம் அவரு” என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி அவரைப் பார்த்தாள். “எவரு?”

“மேல்வீட்டுக்காரர்தான். உனக்குத் தெரியாது, அவங்க அப்பா அவரைக் கார் பக்கத்துலயே விட மாட்டாராம். தொட்டா அடியாம். அண்ணனுக்கு மட்டும் சாவியைக் குடுப்பாராம். இப்ப அந்த அண்ணன் பூர்வீக வீட்டையும் தனக்கே எழுதி வாங்கிட்டானாம். அந்த நேரத்துல வந்த போன் அண்ணன் போன். யோசிச்சுப் பாரு. அந்தக் கண்ணாடியில அவர் பாத்தது பின்னாடி வர ஸ்கூட்டரை இல்ல. தன்னோட கடந்த காலத்தை!”

“கடந்த காலத்தைப் பாத்துக்கிட்டே பின்னாடி வந்தா இப்படித்தான் ஆகும்” என்றாள் அக்கா. “மன்னிப்பு கேட்டாரா?”

“கேக்கற நிலைமையில அவர் இல்ல. உடைஞ்சு போயிருக்காரு.”

“நானும்தான்.”

அத்தான் பிஸ்கட் தட்டை மேசையில் வைத்தார். “நான் கேட்டேன்” என்றார் மெதுவாக.

“என்ன கேட்டீங்க?”

“மன்னிப்பு. திடுதிப்புனு போய்க் கதவைத் தட்டினதுக்கு.”

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பிறகு அந்த வீட்டில் ஒரு விசித்திரமான காலம் தொடங்கியது. அக்கா இடது கையால் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுவாள், பல் விளக்குவாள், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அரை மணி நேரம் போராடிவிட்டு ஊக்கைக் குத்திக்கொள்வாள். அத்தான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மேல்மாடிக்காரரின் பால்யத்தை உருக்கனுக்கு எப்படிப் பொருத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். எழுந்து மூடியைத் திறந்து கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றாது. தோன்றக் கூடாது என்பதில்லை. அவர் மனசு முழுக்க மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டில் அந்த மனிதரைப் பார்த்தால் இவர் தோளைத் தட்டி, “எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?” என்று விசாரிப்பார். அக்காவுக்குத் தூக்கம் வருகிறதா? அது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படாத வழக்கு.

ஒருநாள் அவளுடைய முகத்தைப் பார்த்து அவரே ஆரம்பித்தார். “நீ கோவப்படறது நியாயம்தான். ஆனா அந்தக் கோவத்துக்கு அடியில என்ன இருக்குன்னு யோசிச்சியா?”

“எலும்பு இருக்கு” என்றாள் அக்கா. “ரெண்டா இருக்கு.”

தொடர் முடிந்தது. சின்னக் கொட்டகை ஒன்றில் எங்களுக்கெல்லாம் முதலில் போட்டுக் காட்டினார்கள். அக்காவும் மாவுக்கட்டோடு வந்திருந்தாள். உருக்கன் அழுதான், கொட்டகையே அழுதது. தயாரிப்பாளர் தன் தொடருக்குத் தானே அழுது கைக்குட்டையைப் பிழிந்தார். பாலம் தேனாக உருகியது. பஸ் சரிந்தது. ஜன்னல்களில் சாம்பல் நிற நிழல்கள் ஒரு விநாடி அசைந்து மறைந்தன.

“இவங்கெல்லாம் யாரு?” என்று அக்கா குனிந்து கேட்டாள்.

“யாரும் இல்ல” என்றார் அத்தான். “கவனிக்காத. அங்க உருக்கன் கண்ணைப் பாரு.”

அக்கா உருக்கன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

கடைசியில் பெயர்கள் ஓடின. நாய்க்குக் குரல் கொடுத்தவர் பெயர் வந்தது. தேன் பாட்டில் புகழ் என் பெயரும் வந்தது. கதை என்று போட்டு அதன் கீழே வந்த பெயர், தயாரிப்பாளருடையது. அத்தான் பெயர் எங்கே? நடுவில் இல்லை. ஓரத்தில் இல்லை. நன்றி சொன்ன பட்டியலில்கூட இல்லை. அதில் சிற்றுண்டி கொடுத்த கடை இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டைக் குத்திக்கொண்டே வந்தார். “திருடன்! ராத்திரி பகல் பாக்காம எழுதினவன் நான். கையுறை நான். மோதிரம் நான். அவன் என்ன பண்ணினான்? நாய்! நாய் மட்டும்தான் அவன்!”

பின் சீட்டிலிருந்து அக்கா மிகவும் கனிவான குரலில் சொன்னாள். “பாவம்ங்க அவரு.”

“யாரு?”

“தயாரிப்பாளர்தான். சின்ன வயசுல ஒரு கதை எழுதி ஆசை ஆசையா அவங்க அப்பாகிட்ட காட்டியிருப்பாரு. அவர் கிழிச்சுப் போட்டிருப்பாரு. இன்னிக்கு அந்த எழுத்துல தன் பேரைப் பாக்கணும்னு ஒரு ஏக்கம். அவர் இடத்துல இருந்து பாருங்க.”

அத்தான் முழு உடம்போடு பின்னால் திரும்பினார். “ஆயிரம் காரணம் இருக்கட்டும்! அதுக்காக? பண்ணினது பண்ணினதுதானே!”

 நான் இண்டிகேட்டரைப் போட்டு வளைவில் திரும்பினேன். சொன்ன வாக்கியம் தன் காதில் விழ அத்தானுக்குச் சற்று நேரம் பிடித்தது. விழுந்ததும் மெல்ல முன்பக்கம் திரும்பி, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் காலையில் இருவருமே புறப்பட்டார்கள். அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாரிப்பாளரைப் பார்க்க. அக்கா மடிக்க முடியாத கையோடு மேல்மாடிக்கு. நான் அக்காவோடு போனேன். கதவைத் தட்ட ஒரு நல்ல கையாவது வேண்டுமே.

மேல்மாடிக்காரர் உட்காரச் சொன்னார். அக்கா பேச வாயெடுப்பதற்குள் அவர் அப்பாவில் ஆரம்பித்து அண்ணன் வரைக்கும் கொட்டித் தீர்த்தார். அத்தானிடம் ஒருமுறை சொல்லி ஒத்திகை நடந்துவிட்டதால் இடையில் தடங்கலே இல்லை. எங்கே தழுதழுக்க வேண்டுமோ அங்கே தழுதழுத்தார். அக்கா குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். கேட்டுக்கொண்டே அவர் கண்ணைக் கவனித்தாள். அவர் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்த்தார்.

“உங்க அப்பா அடிச்சது தப்பு” என்றாள் அக்கா கடைசியில். “உங்க அண்ணன் பண்ணினதும் தப்பு. கேக்கவே கஷ்டமா இருக்கு. அதோ எதிர் சுவர்ல காலண்டர் தொங்குதே, அதுல என்ன மாசம்னு படிங்க.”

“எதுக்கு?”

“சும்மா படிங்க.”

அவர் இடுக்கினார். தலையை முன்னே நீட்டினார். தாளில் இருந்தது இந்த மாதம், அவர் போன மாதத்தின் பெயரைச் சொன்னார்.

“பெரிய எழுத்துலதான் போட்டிருக்கு” என்றாள் அக்கா. “மூக்குக்கண்ணாடி எங்க?”

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

“கண்ணாடி இருக்கில்ல?”

“அலமாரியில இருக்கு.”

“அன்னிக்கு வண்டி எடுக்கும்போது?”

“அலமாரியிலதான் இருந்தது.”

“ஏன் போடல?”

அப்பாவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் அருவியாகக் கொட்டிய மனிதர் இதற்கு வாயைத் திறக்க அரும்பாடுபட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போட்டா வயசான மாதிரி தெரியுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அவருக்கும் தனக்கும் நடுவே மேசை மேல் வைத்தாள். “இது தெரியுதா?” என்றாள். “நான் இந்தக் கையை வெச்சுத்தான் பொழைக்கறேன். இது பழையபடி வேலை செய்யுமான்னு டாக்டருக்கே தெரியல. எனக்குப் பயமா இருக்கு.”

அவளுக்குப் பயம் என்பதை அன்றுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். மேல்மாடிக்காரர் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை இடுக்கவில்லை, அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பிறகு எழுந்து நின்று, அப்பா இல்லாமல், அண்ணன் இல்லாமல், தழுதழுப்பு இல்லாமல் சொன்னார்: “என் தப்புதான். மன்னிச்சுடுங்க.” அலமாரியைத் திறந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நிஜமாகவே வயசானவராகத்தான் தெரிந்தார்.

நாங்கள் கீழே வந்தபோது அத்தான் ஸ்டுடியோவிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். சட்டைக் கையைப் பார்த்தேன். இறங்கியிருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றாள் அக்கா.

“பாவம் அவரு” என்றார் அத்தான். “நீ நேத்து சும்மா சொன்னியே, கிட்டத்தட்ட அப்படியேதான். அப்பா கிழிக்கல, பெரியப்பா. அழுதுட்டாரு. எனக்கு அப்புறம் எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இத்தனை நாளும் அத்தானை ஊருக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம் என்று இருக்கிற ஆள் என்று நினைத்திருந்தேன். அநியாயம். தனக்கும் அதே நியாயம்தான் வைத்திருந்தார். யாரிடமும் முகத்துக்கு நேரே “நீ செய்தது தப்பு” என்று சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. காரில் டாஷ்போர்டிடம் சொல்வார். ஆள் எதிரே உட்கார்ந்தால் தொண்டை அடைத்துவிடும். அடைத்த தொண்டைக்கு அவர் வைத்திருந்த கௌரவமான பெயர்தான் இரக்கம்.

அக்கா மேல்மாடியில் நடந்ததைச் சொன்னாள். அத்தான் இடிந்து போய்விட்டார்.

“வெறும் கண்ணாடியா?” என்றார். “அவ்வளவுதானா?”

ஒரு மகத்தான சோகம் சாதாரணக் கிட்டப்பார்வையாகிப் போன துக்கம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அக்கா அதற்குள் இடது கையால் செல்போனில் எண்களைத் தட்டத் தொடங்கியிருந்தாள். தயாரிப்பாளரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். கதை என்கிற இடத்தில் இவர் பெயர் இல்லையே, என்ன காரணம் என்று ஒரே வரியில் கேட்டாள்.

“மேடம், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, சின்ன வயசுல எங்க பெரியப்பா...” என்று அவர் குரல் உடைந்தது. உடைந்து, ஓடி, ஒரு வழியாக ஓய்ந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள் அக்கா. “இது யார் எழுதினது?”

தயாரிப்பாளர் போனை வைத்துவிட்டார்.

தொடர் ஊருக்கு வெளியானபோது அத்தான் பெயர் இருந்தது. தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். ஆனாலும் இருந்தது. தொடர் சக்கைப்போடு போட்டது. குழந்தைகள் எல்லாம் உருக்கன் கையுறை வேண்டும் என்று கடையில் உருண்டு புரண்டன. செம்பருந்து பொம்மையைச் சீந்துவார் இல்லை. ஒரு அம்மாள் மட்டும், அந்த பஸ்ஸில் போனவர்கள் பிழைத்தார்களா என்று விசாரித்து எழுதியிருந்தார். ஸ்டுடியோவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அத்தான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் காலை. கட்டுப் பிரிக்க அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்கா கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு சிக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, மறுபடி இழுத்தாள். அத்தான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதா?” என்றார்.

அக்காவின் கை நின்றது. “இப்பதான் கேக்கறீங்க” என்றாள்.

“அது வந்து, அன்னிக்கே நான் ஏன் கேக்கலைன்னா...”

“காரணம் வேண்டாம்ங்க” என்று அக்கா சிக்கில் மாட்டிய சீப்பை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “இதை எடுத்து விடுங்க போதும்.”

அத்தான் எடுத்துவிட்டார். பாதி முடி சீப்போடு வந்தது. அக்கா “ஆ” என்றாள். அவர், “தப்பு என்னுதுதான்” என்றார். என் வாழ்நாளில் அவர் காரணம் சொல்லாமல் முடித்த முதல் வாக்கியம் அது. கட்டுப் பிரித்த பிறகு அக்காவின் விரல்கள் நன்றாகவே வேலை செய்தன, கண்ணாடிக் கடைக்கும் திரும்பப் போய்விட்டாள். ஆனால் தலை வாரிவிடுகிற வேலையை மட்டும் அவள் அத்தானிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவ்வளவுதான் கதை. இனி உங்களைப் பற்றி. இவ்வளவையும் படித்துவிட்டு, “என்ன இருந்தாலும் இந்த மச்சினன் கொஞ்சம் ஓவர். அத்தானும் பாவம்தானே, அவர் இப்படி ஆனதுக்கு ஏதாவது காரணம் இருக்கும், சின்ன வயசில் என்ன நடந்ததோ” என்று உங்கள் மனசின் ஒரு மூலையில் ஏதாவது கசிந்ததா? கசிந்திருந்தால் வணக்கம், வக்கீல் ஐயா. வணக்கம், வக்கீல் அம்மா. அத்தானுக்கும் ஒரு காரணம் உண்டு. கேட்டால் கல்லும் கரையும். அதை மட்டும் நான் சொல்வதாக இல்லை.